ஊறவை, புளிக்கவை, பிறகு அரை

தோசைக்கு உளுந்து போடும் வீட்டில் வேலையின் வரிசையை யாரும் எழுதிவைத்துப் பார்ப்பதில்லை. ஊறவைப்போம், அரைப்போம், இரவு முழுக்கப் புளிக்கவிடுவோம், காலையில் சுடுவோம். கிளியின் உடம்புக்குள்ளும் கிட்டத்தட்ட இதே வேலைதான் நடக்கிறது. நடுவிலுள்ள இரண்டை மட்டும் அது இடம் மாற்றிக்கொள்கிறது: முதலில் ஊறவைக்கும், அடுத்துப் புளிப்பேற்றும், அதன் பிறகே அரைக்கும்.

கிளி வளர்க்கப்போகிறேன் என்று வருகிறவர்கள் வலையின் கண் எத்தனை அங்குலம், பெட்டி எத்தனை அடி என்றுதான் முதலில் கேட்பார்கள். அதுவும் வேண்டியதுதான், பின்னால் வரும். எனக்கு வயிற்றிலிருந்து தொடங்கத்தான் பிடிக்கும். கூட்டில் நடக்கும் நல்லதும் கெட்டதும் பல வேளைகளில் இந்த வரிசைக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

ஆண்கிளி ஒன்று தினைக் கதிரில் தொற்றிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேலலகின் உட்பக்கம் வரிவரியாகச் சொரசொரப்பாக இருக்கும். மணியை அங்கே வைத்து, தடித்த நாக்கால் உருட்டி, கீழலகின் விளிம்பால் கீறும். உமி கீழே விழும், பருப்பு உள்ளே போகும். கோழியும் புறாவும் மணியை அப்படியே விழுங்குவதால் அவற்றுக்கு வயிற்றில் கல் வேண்டும். கிளி கொழித்துச் சுத்தம் செய்த தானியத்தையே உள்ளே அனுப்புகிறது. கல்லின் தேவை மிகக் குறைவு. கிளிக்கு மணல் தட்டு வைக்கும் பழக்கம் கோழிக்கூட்டிலிருந்து வந்த பழக்கம். அது இல்லாமலே காரியம் நடக்கும்.

உள்ளே போன பருப்பு கழுத்தடியிலுள்ள தீனிப்பையில் தங்குகிறது. தீனி தின்ற கோழிக்குஞ்சின் கழுத்தோரம் புடைத்துத் தெரியுமே, அதுதான். இது ஊறல் பானை. சூடு உடம்புச் சூடு, 40 பாகை செல்சியஸைத் தாண்டும். ஈரம் உண்டு, வயிற்று அமிலம் இங்கே சுரப்பதில்லை. ஊறி மெத்தென்று ஆனதும் பருப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த அறைக்கு இறங்கும். அது சுரப்பு வயிறு; அமிலமும் செரிப்பு நொதியும் அங்கேதான் கலக்கின்றன. நம் மாவைப் புளிக்கவைப்பவை நுண்ணுயிர்கள், அவற்றுக்கு ஓர் இரவு வேண்டும். கிளியிடம் சொந்த அமிலம் இருப்பதால் அது விடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புளிப்பேறிய பிறகுதான் ஆட்டுக்கல்: அரைவைப்பை. கோழி கழுவும்போது கெட்டியான தசையாகக் கையில் அகப்படும் உறுப்பு. பல் இல்லாத பிராணிக்கு இந்த வரிசை வசதியானது. ஊறி, அமிலத்தில் இளகிய பருப்பை அரைப்பதற்குப் பலம் குறைவாகப் போதும்.

இந்த மூன்றில் இனப்பெருக்கத்துக்கு முக்கியமானது முதல் பானைதான். ஏனென்றால் அதிலுள்ளதைத் திரும்ப மேலே கொண்டுவர முடியும். ஆண்கிளி தலையை மேலும் கீழும் ஆட்டி, தீனிப்பையில் ஊறியதை வாய்க்குக் கொண்டுவந்து பெட்டைக்கு ஊட்டும். காதல் என்று நாம் சொல்வது இந்தப் பறவைக்குப் பரிமாறல்தான். பச்சைக்கிளி இனத்தில் ஆண்டின் பெரும்பகுதி பெட்டையே அதிகாரி. தட்டில் முதலில் வாய் வைப்பது அவள், நல்ல கிளையில் உட்காருவதும் அவள். ஆண் கிட்டே வந்தால் கொத்துவாள். பருவம் வந்ததும் கொத்துவது நின்று, கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு ஊட்டுவதை வாங்கத் தொடங்குவாள். அவன் ஊட்டுகிறானா, அவள் வாங்குகிறாளா என்பதைப் பார்த்தாலே போதும், ஜோடி சேர்ந்துவிட்டதா என்று தெரிந்துவிடும்.

முட்டை இட்ட பிறகு அவள் பெட்டியைவிட்டு அதிகம் வெளியே வரமாட்டாள். அடைகாப்பது பெட்டை மட்டும். ஆண் வாசலில் வந்து ஊட்டிவிட்டுப் போவான். குஞ்சு பொரித்த முதல் நாட்களில் அவன் ஊறவைத்ததை அவள் வாங்கி, தன் பானையில் இன்னும் கொஞ்சம் ஊறவைத்து, தண்ணீராக்கிக் குஞ்சுக்குக் கொடுப்பாள். ஆக, காலை 6 மணிக்கு நீங்கள் வைக்கும் தட்டு இரண்டு தீனிப்பைகளைக் கடந்துதான் பிறந்த குஞ்சின் வாய்க்குப் போகிறது. சமைப்பது அவர்கள். நமக்குக் கிடைத்திருப்பது களஞ்சிய அறைச் சாவியும் பாத்திரம் கழுவும் வேலையும்தான். அந்த இடத்தில் திருப்தியாக இருக்கத் தெரிந்தவர்தான் கிளி வளர்க்க முடியும் என்பது என் எண்ணம்.

களஞ்சியத்தைப் பொறுத்தவரை மாத்தளை மாவட்டத்துக்காரருக்குக் குறை ஒன்றும் இல்லை. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் மரக்கறி மூட்டைகள் ஒரு பக்கம், வறள் வலயச் சேனைகளின் குரக்கன், தினை, இறுங்கு, சோளன் மறு பக்கம். உலர்ந்த விதை மட்டும் போட்டு வளர்த்தால் கிளிக்கு விட்டமின் ஏ போதாது, கல்சியமும் போதாது. சூரியகாந்தி விதையைக் கண்டால் மற்றதைத் தொடாது. நாக்குக்கு அடிமைப்படுவது நாம் மட்டும் இல்லை. அதைக் கைநிறையப் போடாமல், முளைகட்டிய பயறு, பால் பிடித்த சோளன், முருங்கைக் கீரை, கொய்யா, பப்பாசி என்று தட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊறிய பொருள் நம் வெயிலில் சீக்கிரம் கெடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுவது நல்லது.

பழுத்த மிளகாயையும் கொடுக்கலாம். கொச்சி மிளகாயை ஒரு கிளி இலந்தைப்பழம் போலத் தின்பதைப் பார்த்தால் நமக்குக் கண்ணில் நீர் வரும். மிளகாயின் காரப்பொருள் பாலூட்டிகளின் நரம்பிலுள்ள ஓர் உணர்வியைத் தூண்டுகிறது. பறவைகளிடம் அந்த உணர்வியின் அமைப்பு வேறு, காரம் அதைத் தொடுவதில்லை. எரிச்சல் இல்லாமல் விட்டமின் ஏ கிடைக்கிறது. பெட்டைக்கு முட்டை ஓடு செய்யக் கல்சியம் வேண்டும். கணவாய் ஓட்டைக் கம்பியில் செருகிவைத்தால் தேவைப்படும்போது சுரண்டித் தின்பாள். கல்சியம் உடம்பில் சேர வெயிலும் வேண்டும். வீட்டுக்குள் இருட்டு மூலையில் தொங்கும் கூட்டில் பெட்டை முட்டை இட முடியாமல் திணறிச் சாவது இதனால்தான்.

வைக்கக் கூடாதவையும் நம் தோட்டத்திலேயே இருக்கின்றன. ஆனைக்கொய்யா என்கிற அவகாடோ கிளிக்கு நஞ்சு, இதயத்தைத் தாக்கும். மாத்தளைக்குப் பெயர் வாங்கித் தந்த கொக்கோவும் அப்படித்தான். கொட்டையானாலும் சொக்லேட்டானாலும் கூடாது. மழைக்காலத்தில் சாக்கில் ஈரம் கண்ட நிலக்கடலையிலும் சோளனிலும் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடொக்சின் சேரும், ஈரல் கெடும். மணத்தில் சந்தேகம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இது உவமையில் வரும் சமையலறைக்கு இல்லை, உங்கள் வீட்டுச் சமையலறைக்கே. ஒட்டாத பூச்சுப் பூசிய தோசைக்கல்லை வெறுமனே அடுப்பில் மறந்துவிட்டால், கடுஞ்சூட்டில் அந்தப் பூச்சிலிருந்து மணமில்லாத ஆவி கிளம்பும். நமக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து அறையிலுள்ள கிளி சில நிமிடங்களில் விழுந்துவிடும். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் இடைவிடாமல் ஓடுகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் அது காற்றில் உள்ளதை எடுத்துக்கொண்டே இருக்கும். நல்ல காற்றுக்கு அது வரம், கெட்ட காற்றுக்கு அதுவே யமன். குசினிக்கும் கிளிக்கும் நடுவே ஒரு முற்றமாவது இருக்கட்டும்.

இனி எந்தக் கிளி என்ற கேள்வி. இலங்கையின் 5 வகைக் கிளிகளும் இம்மாவட்டத்தில் உண்டு. சிகிரியா, தம்புள்ளைப் பக்கத்தில் தோளில் சிவப்புத் திட்டோடு பறக்கும் பெரிய கிளி, சிங்களத்தில் லபு கிரவா. வாலோடு சேர்த்து 55 சென்டிமீற்றருக்குக் குறையாது. மகா அலெக்சாந்தரின் ஆட்கள் இந்த இனத்தை மேற்கே கொண்டுபோனதாகச் சொல்லி, ஆங்கிலத்தில் அவன் பெயரையே வைத்துவிட்டார்கள். வயலிலும் ஊரிலும் கத்திக்கொண்டு திரியும் சாதாரணப் பச்சைக்கிளி, ரண கிரவா. ஆணின் தலை கத்தரிப்பூ நிறத்தில் சிவந்திருக்கும் செந்தலைக் கிளி. ரத்தொட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறினால் நக்கிள்ஸ் காட்டில் சாம்பல் தலையும் பச்சைக் கழுத்துப் பட்டையுமாகத் தெரியும் மலைக்கிளி, இலங்கைக்கே உரியது. 1849இல் எட்வர்ட் பிளைத் அதை விவரித்தபோது, அதைச் சேகரித்த எட்கர் லேயார்டின் மனைவியுடைய குடும்பப்பெயரான கால்த்ரொப்பைத்தான் அறிவியல் பெயராக்கினார். ஐந்தாவது கிராமலித்தா, சிட்டுக்குருவி அளவு. தலைகீழாகத் தொங்கித் தூங்கும். அதுவும் இத்தீவுக்கு மட்டும் உரியது.

இவற்றைப் பார்க்கலாம். பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 2009இல் திருத்தப்பட்டபோது, பட்டியலில் விலக்கிய சில இனங்கள் போக மற்ற நாட்டுப் பறவைகள் எல்லாம் பாதுகாப்புக்குள் வந்துவிட்டன. மரப்பொந்தில் கைவிட்டு எடுத்த மலைக்கிளிக் குஞ்சோ லபு கிரவாக் குஞ்சோ உங்கள் கூட்டில் இருந்தால் அது வளர்ப்பு ஆகாது, வழக்கு ஆகும். இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டுக் கிளியை வீட்டில் வைப்பது குற்றம். கோயில் வாசலில் சீட்டெடுக்கும் கிளிக்கும் அதே சட்டம்தான். கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்த, நிற வேறுபாடு கொண்ட பச்சைக்கிளி வழியில் போவதுதான் இங்கே நேர்வழி. வாங்குமுன் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. பறவையின் காலில் மூட்டு இல்லாத முழு வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வளையத்தைக் குஞ்சுக்கு 2 வாரம் ஆகுமுன்பே, பாதம் சிறிதாக இருக்கும்போது, முன்விரல் இரண்டையும் சேர்த்து நுழைத்துப் பின்விரல்களை வெளியே இழுத்துப் போடுவார்கள். வளர்ந்த பறவைக்கு அப்படிப் போட முடியாது. கூண்டில் பிறந்தது என்பதற்கு அதைவிட நம்பகமான சாட்சி சந்தையில் இல்லை.

வாங்கியதும் பழைய பறவைகளோடு சேர்க்காமல் ஒரு மாதமாவது தனியே வையுங்கள். அலகும் இறகும் உருக்குலையும் வைரஸ் நோய் பச்சைக்கிளிகளிடையே உண்டு, மருந்து கிடையாது. கிளிக்காய்ச்சல் என்னும் பக்டீரியா நோய் நமக்கும் தொற்றும். கூடு கூட்டுகிறவருக்கு விடாத இருமலும் காய்ச்சலும் வந்தால் வைத்தியரிடம் கிளி வளர்ப்பதைச் சொல்லத் தவறக் கூடாது. பறவைக்கு வைத்தியம் தேடுவோருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் கண்டிப் பாதையிலேயே எட்டும் தூரத்தில் இருக்கிறது.

கூடு நீளமாக இருக்க வேண்டும், உயரம் அடுத்தது. கிளி மேலே எழும்புவதைவிடக் குறுக்கே பறக்கவே விரும்பும். பச்சைக்கிளி ஜோடிக்கு 10 அடி நீளம் கொடுத்தால் பறக்கும். 3 அடிக் கூட்டில் தாவும், கொழுக்கும். கொழுத்த ஆணால் முட்டையைக் கருவாக்க முடியாமல் போவதும் உண்டு. வலை புதிதாக நாகம் பூசியதாக இருந்தால், வினாகிரி தோய்த்த தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிட வேண்டும். துளித்துளியாக ஒட்டியிருக்கும் நாகத்தைக் கிளி கொறித்துத் தின்றால் நஞ்சாகும். ஒரு கூட்டுக்கு ஒரு ஜோடி. இரண்டு கூடுகளை ஒட்டிக் கட்டினால் நடுவில் இரட்டை வலை வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரி விரலைக் கடித்து எடுத்துவிடுவாள். கதவுக்கு முன்னால் இன்னொரு சிறு கதவறை. மூன்றில் ஒரு பங்குக்காவது கூரை, வடகீழ்ப் பருவமழை அடிக்கும் பக்கத்தில் சுவர். உட்காரக் கொய்யாக் கிளைகள். கொறித்துத் தீர்த்ததும் புதியது. எலி, சாரைப்பாம்பு, மரநாய் ஆகியவற்றுக்கு நான் தனியாக அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை.

மேற்கத்திய நூல்கள் பகல் நீளத்தைப் பற்றி நிறையப் பேசும். லண்டனில் குளிர்காலப் பகலுக்கும் கோடைப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம், அங்கே பறவைக்கு அதுவே நாட்காட்டி. மாத்தளையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. இங்கே மழையும் அதற்குப் பின்னால் வரும் பச்சையும்தான் பெரிய அறிவிப்பு. ஐப்பசி மழை தொடங்கி மார்கழியில் ஓயும்போது புல் மணி பிடிக்கும், அத்தி பழுக்கும். காட்டுப் பச்சைக்கிளி நவம்பர் தொடங்கி அடுத்த ஆண்டின் நடுப்பகுதி வரை பொந்து தேடுவதும் இந்தக் கணக்கில்தான். அதனால் பெட்டியை ஐப்பசியிலேயே மாட்டிவிட்டு, கார்த்திகையிலிருந்து முளைப்பயறும் பச்சைக் கதிரும் கூட்டிக் கொடுப்பது வழக்கம். உளுந்து ஊறாமல் அரைக்க முடியாது. ஜோடிக்கும் அந்த ஊறல் காலம் வேண்டும். நேற்று வாங்கி இன்று பெட்டி மாட்டி நாளை முட்டை கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பெட்டைக்கு 2 வயதாவது ஆகியிருக்க வேண்டும், ஆணுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட.

பெட்டி, பச்சைக்கிளிக்கு உள்ளளவு 25 சென்டிமீற்றர் சதுரம், ஆழம் 50 வரை. வாசல் 7 அல்லது 8 சென்டிமீற்றர். பெரிய கிளிக்கு எல்லாம் இன்னும் பெரிது. கிளி சுள்ளி சுமந்து கூடு கட்டாது. உள்பலகையைத் தானே கொறித்துத் தூளாக்கி, அதன் மேல் முட்டை இடும். அதனால் மருந்தடித்த பலகை வேண்டாம். உளுத்த மரத்துண்டு சில உள்ளே போட்டால் அவளுக்குப் பொழுதும் போகும், மெத்தையும் ஆகும்.

ஒருநாள் விட்டு ஒருநாளாக 3 முதல் 5 முட்டை வரை வரும். அவள் முதல் முட்டையோ இரண்டாவதோ வந்ததுமே உட்கார்ந்துவிடுவாள். அதனால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிக்காது. 4 முட்டையென்றால் மூத்ததற்கும் கடைக்குட்டிக்கும் ஏறத்தாழ ஒரு வார இடைவெளி. பச்சைக்கிளிக்கு அடைகாலம் 22 முதல் 24 நாள். செந்தலைக் கிளிக்கும் கிட்டத்தட்ட அதுவே, லபு கிரவாவுக்கு 4 வாரத்தை நெருங்கும்.

இந்த 3 வாரமும் மாவு பொங்கும் இரவுதான். ரத்தொட்டைக்கு மேலே மார்கழிக் குளிரில் மாவு விடிந்தும் கல்லாகக் கிடக்கும். அதே மாவு தம்புள்ளையில் சித்திரையில் நடுச்சாமத்துக்குள் பாத்திரத்தைவிட்டு வழியும். முட்டைக்கும் அதே இரண்டு ஆபத்துகள், ஆனால் இரண்டும் சமம் இல்லை. பெட்டை கொஞ்ச நேரம் எழுந்து போனால் கரு ஆறும், வளர்ச்சி மெதுவாகும், அவள் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சூடு கூடினால் அப்படி இல்லை. 37 பாகையை ஒட்டிய சூட்டில் வளரும் கரு, 40ஐத் தாண்டிச் சில மணி நேரம் இருந்தாலே செத்துவிடும். தகரக் கூரையை ஒட்டிப் பெட்டி மாட்டுவது அதனால்தான் தவறு. தம்புள்ளை வெயிலில் அது அடைகாக்கும் பெட்டியாக இருக்காது, இட்லிச் சட்டியாகிவிடும். மலைப்பக்கத்தாருக்குத் தடித்த பலகையும் காற்று மறைப்பும் வேண்டும், கீழ்ப்பக்கத்தாருக்கு நிழலும் மேல்விளிம்பில் காற்றுத் துளைகளும் வேண்டும். ஒரே மாவட்டத்துக்கு ஒரே அளவுத்திட்டம் கொடுக்க முடியாது.

ஈரமும் கணக்கில் உண்டு. ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே முட்டை நாளும் கொஞ்சம் நீரை இழந்துகொண்டே இருக்கும். பொரிப்பதற்குள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு எடை போய்விடும். போன நீரின் இடத்தில் காற்றறை பெருகும், குஞ்சு முதல் மூச்சை அங்கேதான் விடும். நீர் போகாவிட்டால் காற்றறை சிறுத்துக் குஞ்சு மூழ்கும். அதிகம் போனால் உட்சவ்வு காய்ந்து ஒட்டிக்கொண்டு, ஓட்டை உடைத்தும் வெளியே வர முடியாது. இதை நாம் அளந்து சரிசெய்ய வேண்டியதில்லை. அகலமான தட்டில் தண்ணீர் வைத்தால் போதும். பெட்டை குளித்து, ஈரமான வயிற்றோடு போய் உட்காருவாள். எவ்வளவு நனைய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

நமக்குக் கை அரிக்கும். மூடியைத் திறந்து மாவு பொங்கிவிட்டதா என்று பார்க்கும் சின்னப்பிள்ளைக் குணம் யாரிடமும் போவதில்லை. பார்க்கலாம், அவள் வெளியே வந்து தின்னும் நேரத்தில், பெட்டியில் மெல்லத் தட்டிவிட்டு. ஒரு வாரமான முட்டைக்குப் பின்னால் டோர்ச் பிடித்தால் சிவப்பு நரம்புகள் வேர்போலத் தெரியும். நரம்பே இல்லாமல் தெளிவாகத் தெரிந்தால் அது கூழ்முட்டை. அதையும் உடனே எடுக்க வேண்டாம். பொரித்த குஞ்சுக்குச் சாய்ந்துகொள்ள அது உதவும்.

பொரித்த குஞ்சுக்குக் கண் திறக்காது, உடம்பில் இறகு கிடையாது, சூட்டைத் தானே காக்கத் தெரியாது. வேலை செய்வது தீனிப்பை ஒன்றுதான். மெல்லிய தோலுக்கு உள்ளே அது நிறைந்து தெரிந்தால் தாய் ஊட்டியிருக்கிறாள் என்று அர்த்தம். காலையில் பார்க்கும்போது சுருங்கியிருந்தால் கீழ்ப்பானைகளுக்கு இறங்கிவிட்டது, எல்லாம் ஒழுங்கு. நேற்றிரவு இருந்தது இன்று காலையும் அப்படியே புடைத்து, தொட்டால் குளிர்ந்து, வாய் புளித்து மணத்தால் ஆபத்து. குஞ்சு குளிரில் கிடந்திருக்கும், அல்லது உணவு ஆறிப்போயோ கெட்டியாகவோ போயிருக்கும். பானை ஓடாமல் நின்றதும் ஈஸ்டும் பக்டீரியாவும் குடியேறிவிடும். இங்கே உவமை என்று ஒன்றும் இல்லை, உண்மையிலேயே மாவு புளித்துவிட்டது, புளிக்கக் கூடாத பானையில். ஊறல் பானையில் புளிப்பு வந்தால் கிளிக்கு அது நோய். தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.

கையால் ஊட்டி வளர்க்கிறேன் என்று குஞ்சை 2 வாரத்தில் எடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். ஊட்டும் கூழ் 39 முதல் 41 பாகைக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் பானை நின்றுவிடும், சில பாகை கூடினால் தீனிப்பையின் சுவர் வெந்து ஓட்டை விழும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் இருக்கும், அது இன்னும் மோசம். உள்ளங்கை ரேகையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் பாட்டி முறை குழந்தைப் பாலுக்குச் சரி, இங்கே வெப்பமானி வேண்டும். பேசும் கிளி வேண்டும் என்பதற்காகத் தாயிடமிருந்து குஞ்சைப் பறிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தாய் ஊட்டிய குஞ்சும் பொறுமையாகப் பழகினால் கைக்கு வரும்.

ஆனாலும் கைக்கூழ் ஓர் இனத்தையே காப்பாற்றிய கதை ஒன்று உண்டு. மொரீஷியஸ் தீவில் நம் பச்சைக்கிளியின் நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது, எக்கோ கிளி. காடு அழிந்து, எலியும் குரங்கும் பெருகி, 1980களில் உலகத்தில் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ 10க்கு வந்துவிட்டது. கார்ல் ஜோன்ஸும் மொரீஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளையினரும் அந்தக் கூடுகளைக் கண்காணித்தார்கள். பெட்டை 2, 3 முட்டை இட்டாலும் காட்டில் கிடைக்கும் தீனிக்குப் பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தப்பும், மற்றவை பட்டினி. மிஞ்சும் குஞ்சுகளை எடுத்துவந்து கையால் ஊட்டினார்கள். அந்த வேலையைப் பழகிக்கொள்ளவும், செவிலித்தாயாக வைக்கவும் கூண்டிலிருந்த சாதாரணப் பச்சைக்கிளிகள் உதவின. காட்டில் எலி ஏறாத பெட்டிகளையும் தீனித் தொட்டிகளையும் மாட்டினார்கள். இன்று அங்கே 700க்கு மேல் எக்கோ கிளிகள் பறக்கின்றன. நடுவில் 2000களில் அலகும் இறகும் உருக்குலைக்கும் அந்த வைரஸ் நோய் அங்கேயும் புகுந்து பல குஞ்சுகளைக் கொண்டுபோனது. புதிய பறவையைத் தனியே வையுங்கள் என்று மேலே சொன்னேனே, அதன் விலை அங்கே தெரிந்தது.

நம் கூட்டில் 7 வாரத்தில் குஞ்சு பெட்டியைவிட்டு வெளியே வரும். வந்ததும் தானாகத் தின்னாது. இன்னும் 2, 3 வாரம் தகப்பன்தான் ஊட்டுவான். தாய்க்கு அதற்குள் அடுத்த முட்டை நினைப்பு வந்துவிடும். ஆண்டுக்கு ஓர் ஈடு போதும் என்று நினைப்பவர் அப்போதே பெட்டியைக் கழற்றிச் சுடுநீரில் கழுவி வெயிலில் கவிழ்த்துவிடலாம். குஞ்சுகளை வேறு கூட்டுக்கு மாற்றுங்கள், வெளியே விடாதீர்கள். தப்பிய வளர்ப்புப் பச்சைக்கிளிகள் லண்டனின் பூங்காக்களில் ஆயிரக்கணக்கில் பெருகி, உள்ளூர்ப் பறவைகளின் பொந்தில் குடியேறிவிட்டன. நக்கிள்ஸ் அடிவாரத்தில் அந்தச் சோதனை வேண்டாம்.

இனி நிறம். கிளியின் பச்சை ஒரு சாயம் இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறவைத்து நீலம் காட்டுகிறது, அதன் மேல் மஞ்சள் நிறமி படிந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து பச்சை. மஞ்சள் நிறமி உண்டாகாத குஞ்சு நீலக்கிளி. கருநிறமி உண்டாகாவிட்டால் நீலமும் மறைந்து மஞ்சள்கிளி. இரண்டும் இல்லாவிட்டால் வெள்ளை. பப்பாசியும் கரட்டும் கொடுத்தால் மஞ்சள் கூடும் என்பது கடைப்பேச்சு. கனேரிக் குருவிக்கு அது பலிக்கும். கிளி தன் மஞ்சளைத் தானே தயாரிக்கிறது, தட்டிலிருந்து எடுப்பதில்லை. நீலம் வேண்டுமென்றால் தாய், தகப்பன் இருவரிடமும் அந்தக் குணம் இருக்க வேண்டும். இருவரும் பச்சையாகவே இருந்து உள்ளே நீலத்தைச் சுமந்தால் நான்கில் ஒரு குஞ்சுக்கு அது வெளிப்படலாம்.

மஞ்சள் வேறு கணக்கு. மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்று தீர்ப்பது தகப்பனின் குரோமோசோம், பறவையில் அது தாயின் கையில். பெட்டைக்குப் பாலினக் குரோமோசோம் இரண்டும் வெவ்வேறு. ஆணுக்கு இரண்டும் ஒன்றே. மஞ்சள் குணம் ஆணிடம் இரண்டாக இருக்கும் அந்தக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. மகளுக்கு அது தகப்பனிடமிருந்து மட்டுமே வரும். ஆக, மஞ்சள் ஆணையும் பச்சைப் பெட்டையையும் ஜோடி சேர்த்தால் மகள்கள் எல்லோரும் மஞ்சள், மகன்கள் எல்லோரும் பச்சை, உள்ளே மஞ்சளைச் சுமந்துகொண்டு.

பச்சைக்கிளி ஆணுக்குக் கழுத்தில் ஆரம் விழ இரண்டரை, மூன்று வயது ஆகும். அதுவரை ஆண் எது, பெண் எது என்று இறகை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித்தான் அறிய வேண்டியிருக்கும். இந்த ஜோடியின் குஞ்சுகளுக்கு அந்தச் செலவு இல்லை. கண் திறக்குமுன்பே, மூடிய இமைத் தோலுக்குள் கருவிழி கறுப்பாகத் தெரிந்தால் மகன், சிவப்பாகத் தெரிந்தால் மகள்.